நடுவீதிக்கு வராத யானை

அருளப்பன் வீட்டு டீப்பாயின் மேல் ஒரு ராஜ்ஜியம் இருந்தது. பெரிய ராஜ்ஜியம் ஒன்றும் இல்லை. நீளத்துக்கு எட்டுக் கட்டம், அகலத்துக்கு எட்டுக் கட்டம், அவ்வளவுதான். அதிலும் பாதி எதிரிக்குச் சொந்தம்.

காய்களை எடுத்து அடுக்கி வைப்பது மட்டும்தான் அருளப்பனின் வேலை, அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் ராஜாவின் உத்தரவு என்று அங்கே இருந்தவர்கள் உறுதியாக நம்பினார்கள். நம்பிவிட்டுப் போகட்டும். நமக்கென்ன வந்தது, நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

அந்த ராஜ்ஜியத்தில் ஒரு சட்டம் உண்டு. ஒரு முறைக்கு ஒருவர்தான் நகரலாம். வெள்ளை ராஜா ஒருவரை அனுப்பினால், அடுத்து கறுப்பு ராஜா ஒருவரை அனுப்புவார். இந்த முறை யாரும் போக வேண்டாம் என்று சும்மா இருக்கவும் முடியாது. ஆக, ஒருவருக்கு முறை கொடுத்தால் மற்ற எல்லாருக்கும் இல்லை என்று அர்த்தம். இது அங்கே எல்லாருக்கும் தெரியும். தெரிந்து என்ன, யாரும் அதை உட்கார்ந்து யோசித்ததில்லை.

வெள்ளைப் பக்கத்தின் இடது மூலையில் ஒரு யானை நின்றது. யானைக்கு நேர் வீதி வேண்டும். வழி திறந்திருந்தால் ஒரே வீச்சில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்விடும். குறுக்கே ஒரு சின்னச் சிப்பாய் நின்றாலும் அசைய முடியாது. அத்தனை பெரிய உடம்பை வைத்துக்கொண்டு அத்தனை பெரிய பலவீனம்.

யானைக்குப் பக்கத்து வீடு குதிரை. அவனுக்கு வழியே வேண்டாம். யார் தலையையும் தாண்டிக் குதித்துப் போகிறவன். குதிரைக்கு அடுத்த வீடு மந்திரி. அவர் குறுக்குச் சந்துகளில் மட்டும் நடப்பார். இவர்களுக்கெல்லாம் முன்னால் எட்டுச் சிப்பாய்கள் வரிசையாக நின்றார்கள். முன்னால் ஓர் அடி வைப்பார்கள். பின்னால் வைக்கத் தெரியாது. பிறவியே அப்படி.

ஆட்டம் தொடங்கிய உடனே நடுவில் பெரிய சண்டை மூண்டது. இரண்டு பக்கத்து ராணிகளும் நேருக்கு நேர் மோதி இருவருமே போனார்கள். அவர்களோடு வெள்ளைப் பக்கத்தில் இன்னொரு யானை, இன்னொரு குதிரை, இன்னொரு மந்திரி என்று பாதிப் பேர் போய்விட்டார்கள். எதிரிக்கும் அதே அளவு சேதம்; அங்கே மந்திரிக்குப் பதிலாகக் குதிரைகள் இருவருமே போனார்கள். புழுதி அடங்கியபோது நடுவீதி இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் வெறிச்சோடிக் கிடந்தது.

ராணி போன பிறகு வெள்ளை ராஜா பழைய ராஜாவாக இல்லை. வலது பக்கம் சிப்பாய்களுக்குப் பின்னால் ஒதுங்கி உட்கார்ந்துகொண்டார். ராஜ்ஜியத்தில் இன்னொருவரைச் சாகக் கொடுக்க அவருக்கு மனசு இல்லை. அதைக் குறை சொல்ல முடியாது. இழந்தவருக்குத்தானே தெரியும்.

நடுவீதி திறந்து கிடப்பதை முதலில் பார்த்தவன் குதிரை. அந்த வீதியில், எதிரி வாசலுக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு கட்டம் காலியாக இருந்தது. அங்கே போய் நின்றால் கறுப்பு ராஜா நிம்மதியாக மூச்சுவிட முடியாது. ராஜாவிடம் போய்க் கேட்டான். ராஜா வெகுநேரம் யோசித்தார். பிறகு எப்படியோ மனதைத் தேற்றிக்கொண்டு சரி என்றார். அந்த ஆட்டத்தில் அவர் துணிந்து செய்த ஒரே காரியம் அதுதான் என்று பிற்பாடு சொன்னார்கள்.

கிளம்புவதற்கு முன்னால் குதிரை பக்கத்து வீட்டுக்குப் போனான்.

"யானையண்ணே, நான் போறேன். ஆனா அங்க நான் மட்டும் தனியா நின்னா எத்தனை நேரம் தாங்கும்? நீங்க நடுவீதிக்கு வந்து என் பின்னால நிக்கணும். நீங்க நின்னா என்னை ஒருத்தன் தொட மாட்டான்."

"இதென்ன கேள்வி தம்பி," என்றது யானை. "நீ முன்னால போ. மந்திரியார் கொஞ்சம் ஒதுங்கினார்னா எனக்கு வழி கிடைச்சிடும். ஒரே வீச்சுல வந்துடுவேன்."

குதிரை நம்பினான். யானையும் மனதாரத்தான் சொன்னது. அதில் சந்தேகம் வேண்டாம்.

இரண்டே தாவலில் குதிரை அங்கே போய் நின்றுவிட்டான். கறுப்புப் பக்கத்தில் ஒரே பரபரப்பு. அவர்களுடைய மந்திரிகள் இருவரும் இருந்த இடத்தில் நெளிந்தார்கள். இனி இரண்டே வேலைதான் பாக்கி. மந்திரி தன் குறுக்குச் சந்தில் வெளியே போக வேண்டும், யானை நடுவீதிக்கு வர வேண்டும். வந்துவிட்டால் குதிரை எதிரி வாசலிலேயே போய்க் கதவைத் தட்டலாம்.

அடுத்த முறை வந்தது. மந்திரி தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். அதற்குள் வலது ஓரத்துச் சிப்பாய் ராஜாவின் முன்னால் போய்க் கை கட்டி நின்றான்.

பெரிதாக ஒன்றும் இல்லை, ஓர் அடி முன்னால் போக வேண்டும், அவ்வளவுதான் என்றான். எதிரி மந்திரி சந்து வழியாக வந்து நம் வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வது, நான் ஓர் அடி போய் நின்றுவிட்டால் அந்தக் கவலை இல்லை என்றான். எதிரி மந்திரிக்கு அங்கே வரும் எண்ணமே இல்லை. அவருக்குத் தன் வீட்டு வாசலில் நிற்கும் குதிரையைப் பார்க்கவே நேரம் போதவில்லை. ஆனால் வரமாட்டார் என்று யார் எழுதிக் கொடுக்க முடியும்?

ராஜா யோசித்துப் பார்த்தார். மந்திரியை வெளியே அனுப்பினால் அவர் எங்கே போவார், எந்த ஆபத்தில் மாட்டுவார், திரும்பி வருவாரா என்று நூறு யோசனை. சிப்பாய் கேட்பதோ ஓர் அடி. ஆபத்தும் இல்லை, செலவும் இல்லை. சரி, போ என்றார். அனுப்பிய பிறகு அவருக்கே ஒரு நிம்மதி. வாசல் பத்திரமாகிவிட்டது, இன்றைக்கு ஏதோ ஒரு வேலை முடிந்தது என்று தோன்றியது.

இப்படித்தான் ஆரம்பித்தது.

அடுத்தது இடது ஓரத்துச் சிப்பாய். யானைக்கு நேர் முன்னால் நிற்கிறவன். வலது ஓரத்துக்குக் காவல் உண்டு, இடது ஓரத்துக்கு இல்லையா என்று அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. அவனும் ஓர் அடி போனான். அவன் தனியாகப் போய்விட்டானே என்று அவன் பக்கத்துச் சிப்பாய் துணைக்குப் போகக் கேட்டான். துணைக்குப் போனவன் கொஞ்சம் அதிகமாகவே முன்னால் போய்விட்டான். அவனைத் தாங்கிப் பிடிக்க இன்னொருவன் போக வேண்டி வந்தது. ஒருவன் போனால் அவன் போன இடத்தில் ஓர் ஓட்டை விழும். அந்த ஓட்டையை அடைக்க அடுத்தவன் வருவான். யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது. ஒவ்வொருவனும் நல்ல எண்ணத்தோடுதான் வந்து கேட்டான். ஒவ்வொருவனும் ஓர் அடிதான் கேட்டான்.

நடுவீதியிலிருந்து குதிரையின் குரல் அவ்வப்போது வரும். முதலில் தெம்பாகக் கேட்டான். அண்ணே கிளம்பியாச்சா என்பான். இதோ, இந்தத் தடவை இவன் போறான், அடுத்தது நாங்கதான் என்று யானை பதில் சொல்லும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்பான். யானை மறுபடியும் அதையேதான் சொல்லும். யானைக்குக் கொஞ்சம் சங்கடமாக இருக்கும். அதற்காக ராஜாவை நெருக்குவதும் மரியாதை இல்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளும்.

அதோடு இன்னொன்றும் இருந்தது. அதை யானை யாரிடமும் சொல்லவில்லை. அந்த மூலை அதற்குப் பழகிவிட்டது. இரண்டு பக்கம் பலகையின் ஓரம். முன்னால் சிப்பாய். யாரும் வந்து தொட முடியாது. இடையில் எத்தனையோ பேர் வெட்டுப்பட்டுப் போனார்கள், யானையின் மேல் ஒரு கீறல் இல்லை. பளபளவென்று நின்றது. வெளியே போக வேண்டும் என்கிற ஆசை உண்மைதான். இன்னும் போகவில்லையே என்கிற நிம்மதியும் உண்மைதான். ரெண்டும் ஒரே மனசுக்குள் சண்டை போடாமல் குடியிருந்தன.

இப்படியே போய், அடுத்த முறை வந்தபோது மந்திரி பொறுமை இழந்துவிட்டார். நேராக ராஜாவிடம் போனார். மகாராஜா, குதிரை அங்கே தன்னந்தனியாக நிற்கிறான், எதிரி யானை இன்னும் கிளம்பவில்லை, நடுவீதி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது, இப்போது விட்டால் பிறகு கிடைக்காது என்று சொன்னார். நான் என் சந்தில் போய்விடுகிறேன், அடுத்த முறையில் யானை வரட்டும் என்றார்.

ராஜா ஆச்சரியமாக ஒரு காரியம் செய்தார். யானையின் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"நீ என்ன சொல்றே? மந்திரி கிளம்பினா நீ வரத் தயாரா?"

கேட்டதைக் கொடுக்கிறேன் என்று எதிரே வந்து நின்றுவிட்டார்கள். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அந்த நேரம் பார்த்து ஒரு சிப்பாய் குறுக்கே புகுந்தான். மந்திரியின் சந்துக்குப் பக்கத்தில் நிற்கிறவன். சின்ன உடம்பு, பெரிய கண்கள். எல்லாரும் ஓர் அடி போய்விட்டார்கள், நான் மட்டும்தான் நின்ற இடத்தில் நிற்கிறேன் மகாராஜா என்று தயங்கித் தயங்கிச் சொன்னான்.

யானை அவனைப் பார்த்தது. பாவமாக இருந்தது. பாவம் என்று நினைத்தபோதே உள்ளே ஏதோ ஒன்று அப்பாடா என்று மூச்சு விட்டது.

"சின்னவன் ஆசையா கேக்குறான், முதல்ல அவன் போகட்டும் மகாராஜா," என்றது யானை. "நான் எங்க ஓடிப்போகப் போறேன்? இங்கதானே இருக்கேன்."

ராஜாவின் முகத்தில் நிம்மதி தெரிந்தது. மூலையில் யானையின் பெருந்தன்மையைப் பற்றி எல்லாரும் பேசிக்கொண்டார்கள். மந்திரி மட்டும் தன் இடத்துக்கே திரும்பிப் போனார்.

சின்னவன் சந்தோஷமாக ஓர் அடி வைத்தான். வைத்த அடி எங்கே? மந்திரியின் சந்து நடுவில். சரியாக அவர் போக வேண்டிய வழியை மறித்துக்கொண்டு நின்றான். நின்ற பிறகு திரும்பிப் பார்த்தான். மந்திரியைப் பார்த்ததும் அவனுக்கே புரிந்துவிட்டது. ஆனால் அவன் ஜாதிக்குப் பின்னால் வரத் தெரியாதே.

இனி மந்திரி வெளியே வர ஒரே வழிதான் இருந்தது. நடுவீதியில் ஓர் அடி வைத்து நிற்கலாம். நின்றால் யானையின் வழியை அவரே மறிப்பார். நல்ல வேடிக்கை.

எதிர்ப்பக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கறுப்பு ராஜா பெரிய வீரர் என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்கும் பயம் உண்டு, அவரும் ராணியை இழந்தவர்தான். ஆனால் அவருக்குப் பயம் வந்தால் யானையைக் கூப்பிடுவார். அவருடைய சிப்பாய்களில் முக்கால்வாசிப் பேர் வீட்டைவிட்டு அசையவே இல்லை. இரண்டே இரண்டு பேரை மட்டும் அனுப்பினார். அந்த இருவரும் வெள்ளைச் சிப்பாய்கள் இருவருக்கு முகத்துக்கு முகம் வந்து நின்றுகொண்டார்கள். இனி அந்த வெள்ளைச் சிப்பாய்கள் முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வர முடியாது. அதன் பிறகு கறுப்பு மந்திரி ஒருவர் விலகினார். கறுப்பு யானை தன் மூலையை விட்டு வெளியே வந்தது.

வந்து எங்கே நின்றது என்று சொல்லத் தேவையில்லை. நடுவீதியின் அந்த முனையில் நின்றது. குதிரைக்கும் அதற்கும் நடுவில் ஒருவரும் இல்லை.

குதிரை பயந்தவன் இல்லை. ஆனால் நிலைமை புரிந்தவன். முன்னால் போக எதிரியின் காவல் எல்லாப் பக்கமும் இருந்தது. சரி, திரும்பி வீட்டுக்குப் போய்விடலாம் என்று பின்னால் பார்த்தான். அவன் திரும்பி வருவதற்கு நான்கு கட்டங்கள் உண்டு. நான்கிலும் ஆள் நின்றார்கள். எதிரி ஆட்கள் இல்லை. நான்கு பேரும் நம் சிப்பாய்கள். பத்திரத்துக்காக ஓர் அடி, துணைக்காக ஓர் அடி என்று வந்து நின்ற நல்ல பையன்கள். அவன் வீட்டுக்கு வரும் வழி அத்தனையிலும் அவர்கள்தான் நின்றார்கள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கடா, நான் வரணும்," என்றான் குதிரை.

அவர்கள் தலை குனிந்துகொண்டார்கள்.

யானை இப்போது வாய்விட்டுக் கதறியது. மகாராஜா, என்னை அனுப்புங்கள், எப்படியாவது அனுப்புங்கள் என்று கெஞ்சியது. இதுவரை ஒருநாளும் அது அப்படிக் கேட்டதில்லை. ராஜாவும் எழுந்து நின்றுவிட்டார். அனுப்பத்தான் அவருக்கும் ஆசை. ஆனால் மந்திரி வழியில் நின்றார், மந்திரியின் வழியில் சின்னவன் நின்றான். ஒரு முறைதான் கையில் இருக்கிறது. யானை வந்து சேர அது போதாது.

ராஜா சிப்பாய்களைப் பார்த்தார்.

"ஓர் அடி பின்னால வாங்கப்பா. ஒரே ஓர் அடி. அவன் உயிரோட திரும்பிடுவான்."

கடைசியில் முதன்முதலாகக் கேட்டுப் போன வலது ஓரத்துச் சிப்பாய்தான் வாயைத் திறந்தான்.

"எங்களுக்குப் பின்னால வரத் தெரியாது மகாராஜா. அது உங்களுக்கும் தெரியும். நாங்க சின்னவங்க, கேப்போம். நீங்க ஏன் ஒவ்வொரு தடவையும் சரி சரின்னீங்க?"

சட்டப்படி யாராவது ஒருவர் நகர்ந்தாக வேண்டும். அந்த முறையிலும் ஒரு சிப்பாய்தான் நகர்ந்தான்.

நடுவீதியில் கறுப்பு யானை கிளம்பும் சத்தம் கேட்டது. குதிரை எதிரியைப் பார்க்கவில்லை. மூலையைப் பார்த்தான்.

"இது நல்ல வீதி அண்ணே," என்றான். "இங்கிருந்து பார்த்தா எல்லாம் தெரியுது. நீங்க ஒரு தடவை வந்து பார்த்திருக்கலாம்."

கோபமாகச் சொல்லியிருந்தால் யானை தாங்கியிருக்கும். அவன் கோபமாகச் சொல்லவில்லை. அடுத்த நொடி அந்தக் கட்டத்தில் கறுப்பு யானை நின்றது.

அதற்குப் பிறகு நடந்தது சீக்கிரம் முடிந்துவிட்டது. ராஜாவைச் சுற்றியிருந்த சிப்பாய்கள் காவலுக்கென்று முன்னால் போய்விட்டார்கள் அல்லவா, அவர்கள் விட்டுவிட்டுப் போன கட்டங்கள் காலியாகக் கிடந்தன. கறுப்பு மந்திரிகள் இருவரும் அந்தக் கட்டங்களில் வந்து சாவகாசமாக உட்கார்ந்தார்கள். எந்த மந்திரி வந்துவிடுவாரோ என்று பயந்து முதல் சிப்பாயை அனுப்பினார்களோ, அந்த மந்திரியேதான் வந்தார். காலியாக்கி வைத்த பிறகு வந்தார். பிறகு கறுப்பு யானை நடுவீதியில் நேராக இறங்கி வந்து, வெள்ளைப் பக்கத்தின் கடைசி வரிசையிலேயே நின்று, செக் என்றது.

மூலை யானை அதே வரிசையில்தான் நின்றது. கூப்பிடு தூரம். எட்டிப் பிடித்து வெட்டிப் போட்டிருக்கலாம். நடுவில் மந்திரி நின்றார், ஆட்டம் தொடங்கும்போது நின்ற அதே இடத்தில். ஒதுங்கிக்கொள்ள அவருக்கு ஒரு முறையும் இனி மிச்சமில்லை. ராஜா நான்கு பக்கமும் பார்த்தார். பிறகு மெதுவாகச் சாய்ந்துவிட்டார்.

ஆட்டம் முடிந்தால் எல்லாரும் ஒரே பெட்டிக்குள் போவார்கள். வெள்ளை, கறுப்பு என்ற பேதம் அங்கே கிடையாது. அன்றைக்கு மூலை யானைக்குப் பக்கத்தில் கறுப்பு யானை வந்து விழுந்தது. அதன் விளிம்பெல்லாம் சிராய்ப்பு. மேலே ஒரு துண்டு பெயர்ந்திருந்தது.

இருட்டில் சற்று நேரம் கழித்து அது மெல்லக் கேட்டது.

"நீ ஏன் வரல?"

"முறை கிடைக்கல," என்றது வெள்ளை யானை.

"நான் ஆட்டம் முழுக்க உன்னையேதான் பார்த்துக்கிட்டு இருந்தேன். உன் குதிரை அங்க வந்து நின்னானே, அப்பவே எங்க ராஜாவுக்குக் கை கால் ஓடல. நீயும் வந்துட்டா எல்லாம் முடிஞ்சுதுன்னு எங்க ஆளுங்க அழுதாங்க. ஒவ்வொரு தடவையும், இந்தா வந்துடுவான், இந்தா வந்துடுவான்னு நினைச்சோம். உங்க சிப்பாய் ஒருத்தன் ஓர் அடி நகர்றதைப் பார்த்தா எங்களுக்குப் போன உயிர் திரும்பி வரும்."

வெள்ளை யானைக்கு அதற்குமேல் கேட்க முடியவில்லை. தன்னைக் கண்டு ஒரு ராஜ்ஜியமே நடுங்கியிருக்கிறது. அது தெரியாமல் தான் மூலையில் நின்று சிப்பாய்களுக்கு வழிவிட்டுக்கொண்டிருந்தோமே என்று நினைத்து நினைத்துக் குமைந்தது. பெட்டிக்குள் குதிரை எங்கே கிடக்கிறான் என்று தேடக்கூட அதற்குத் தைரியம் வரவில்லை.

இத்தோடு புத்தி வந்திருக்கும் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மறுநாள் அருளப்பன் பெட்டியைத் திறந்து காய்களை அடுக்கினார். ராஜா எல்லார் முன்னிலையிலும் சொன்னார், இந்தத் தடவை முதலில் யானைதான், சிப்பாய்களுக்குப் பிறகு பார்க்கலாம் என்று. யானையும் தயாராகத்தான் நின்றது. நடுவில் சண்டை மூண்டது, ராணி போனாள். ராஜா வலது பக்கம் ஒதுங்கி உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் வாசலைப் பார்த்தார். வலது ஓரத்துச் சிப்பாயைக் கூப்பிட்டு, இது ஒன்றுதான், இதை மட்டும் செய்துவிட்டால் பிறகு கவலையில்லாமல் யானையை அனுப்பலாம் என்றார். இந்த முறை சிப்பாய்கூடக் கேட்கவில்லை. அவரே கூப்பிட்டார்.

யானை அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றது. இப்போதே வாய் திறந்து கேட்டிருக்கலாம். ஒன்றுதானே, போகட்டும் என்று அதுவும் நினைத்தது.

குதிரை மறுபடியும் நடுவீதிக்குப் போனான். அவன் சுபாவம் அப்படி. பக்கத்து வீட்டைத் தாண்டித்தான் போனான். ஆனால் இந்தத் தடவை, நீங்க வருவீங்கல்ல அண்ணே என்று கேட்கவில்லை. யானையிடம் விடை சொல்லிக்கொள்ளவும் இல்லை. தலையை நிமிர்த்திக்கொண்டு தாவிப் போய்விட்டான். யானைக்கு அது குத்தியது. அந்தக் குத்தலோடேயே அந்த ஆட்டமும் முடிந்தது.

அதற்குப் பிறகு எத்தனையோ ஆட்டங்கள். எல்லாவற்றையும் சொல்லி உங்களை அழவைக்கப் போவதில்லை. குதிரை ஒரு ஆட்டத்தில் காதை இழந்தான். மந்திரியின் தலைக் குமிழ் தேய்ந்து மொழுக்கென்று ஆனது. சிப்பாய்களில் இரண்டு பேர் காணாமலே போய், அவர்கள் இடத்தில் அருளப்பன் பாட்டில் மூடிகளை வைத்தார். யானை மட்டும் தன் மூலையில் நின்றது. ஒவ்வொரு ஆட்டத்திலும் ஏதோ ஒரு நல்ல காரணம் இருந்தது. ஒவ்வொரு ஆட்டத்திலும் அடுத்த முறை அதன் முறைதான்.

ஒரு சாயங்காலம் அருளப்பனின் மனைவி பிலோமினா டீப்பாயைத் துடைக்க வந்தாள். வெள்ளைக் காய்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து ஈரத்துணியால் துடைத்தாள். குதிரையை எடுத்தவள் கவிழ்த்துப் பார்த்தாள். அடியில் ஒட்டியிருந்த பச்சைத் துணி பிய்ந்து போயிருந்தது. கீழே வைத்தால் ஒரு பக்கம் சாய்ந்து ஆடியது.

"இதுக்குக் காது இல்ல, அடியும் தேஞ்சு போச்சு. இதை வச்சுக்கிட்டு என்ன விளையாடுறீங்க?" என்று புருஷனைக் கேட்டாள்.

"அதுதான் நிறைய ஓடினது. அதை எறிஞ்சிடாதே," என்றார் அருளப்பன், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

பிலோமினா குதிரையை வைத்துவிட்டு யானையை எடுத்தாள். ஒரு கீறல் இல்லை. விளிம்பு மழுங்கவில்லை. கவிழ்த்துப் பார்த்தாள். அடியில் பச்சைத் துணி, கடையிலிருந்து வாங்கி வந்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

"அடடே, இது ஒண்ணு மட்டும் புத்தம்புதுசா இருக்கே," என்றாள். "எல்லாத்தையும் இந்த மாதிரி வச்சிருந்தா எத்தனை நல்லா இருக்கும்."

பலகையில் இருந்த எல்லாரும் அதைக் கேட்டார்கள். குதிரையும் கேட்டான். யானைக்கு அந்த நிமிஷம் அவள் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்து, எங்கேயாவது ஓரிடத்தில் உடைந்தால் போதும் என்று இருந்தது.

அவள் நழுவவிடவில்லை. பத்திரமாகத் துடைத்து, யானையைப் பழையபடி அதன் மூலையிலேயே கொண்டுபோய் வைத்தாள்.